பெட்டி அடிக்கு ஒரு கடற்பயணம்

கூறைச் சேலையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் எனக்கு இட்ட வேலை. அப்பாவின் நெருங்கிய நண்பருடைய மகளுக்கு யாழ்ப்பாணத்தில் கல்யாணம். சேலை காஞ்சிபுரத்தில் நெய்தது. அதை மடிப்புக் கலையாமல் தூக்கிப்போக, திருச்சி வீட்டில் அப்போதைக்கு வேலை இல்லாமல் இருந்தவள் நான்தான். விளம்பரங்களுக்கு ஒலி வெட்டி ஒட்டும் வேலையை விட்டிருந்தேன், அடுத்தது அமையவில்லை. சேலையைக் கொடுத்தேன். மணப்பெண்ணின் அம்மா அதை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, கரை வடிவாக, அதாவது அழகாக, இருக்கிறது என்றார். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம் கிடந்தது. வீடு முழுக்கக் கனடாவிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் வந்திறங்கிய உறவினர்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குளிக்க வேண்டும் என்கிறவர்கள். தீவுப் பக்கம் ஒரு சுற்றுப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறினேன்.

பண்ணைப் பாலம் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் கடல். கடல் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. கொக்குகள் முழங்கால் நனையாமல் நின்றுகொண்டிருந்தன. எங்கள் காவிரி இதைவிட ஆழம் என்று நான் பெருமைப்பட்ட கணத்தில் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் ஓட்டுநரைச் சுற்றி ஒரு பொதுக்கூட்டம் நடந்திருக்கும். இங்கே எல்லாரும் சத்தமில்லாமல் இறங்கி, பஸ்ஸின் நிழலில் வரிசையாக நின்றுகொண்டார்கள். ஓர் அம்மா பையிலிருந்து மிக்ஸர் எடுத்து எனக்கும் நீட்டினார். எஞ்சின் அணைந்து, பஸ்ஸின் சினிமாப் பாட்டும் அணைந்து, காற்று மட்டும் கேட்டது. அப்போதுதான் மண்டைதீவுப் பக்கமிருந்து தண்ணீருக்கு மேலாக அது வந்தது.

தகிட தகிட தக.

எட்டை மூன்று, மூன்று, இரண்டாக உடைத்துப் போடும் நடை. கீழே கனமான ஒரு டும் சீராக விழுந்துகொண்டிருக்கும். மேலே இந்த மூன்று-மூன்று-இரண்டு அதன்மீது சாய்ந்தும் சறுக்கியும் போகும். கேட்பவரின் கால் டும்மோடு நிற்கும், இடுப்பு மற்றதோடு போய்விடும். ஜமைக்காவின் டான்ஸ்ஹால் இசைக்கு இதுதான் முதுகெலும்பு. பாட்டில்லாத வெறும் தாளத்தடத்தை அங்கே ரிடிம் என்பார்கள். ஒரு நல்ல ரிடிம் பிறந்துவிட்டால் அது ஊர்ப் பொதுச்சொத்து. பாடகர்கள் எல்லாரும் அதன்மேல் ஏறி ஆளுக்கொரு பாட்டுப் பாடுவார்கள். ஒருவர் காதலைப் பாடினால் அடுத்தவர் அதே அடியில் அவரைக் கிண்டல் செய்வார். குதிரை ஒன்று, சவாரிக்காரர்கள் பலர்.

நான் கேட்டது ஏதோ அது மாதிரியான ஒன்று அல்ல. அப்பாவின் வாலிப காலத்தில் கிங்ஸ்டனில் பிறந்து உலகத்தையே சுற்றிவந்த அந்தக் குறிப்பிட்ட ரிடிம். விடுதி அறையில் அதைக் கேட்டபடியே தூங்கியிருக்கிறேன். ஷேர் ஆட்டோவில் ஓடும் சினிமாப் பாட்டின் அடியில், கல்யாண மண்டபத்து டி.ஜே.யின் கையில், ஸ்பானிய மொழிப் பாட்டுகளில் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகளை அடையாளம் காட்டி நண்பர்களைச் சலிப்படைய வைத்திருக்கிறேன். ஆனால் இது பேரப்பிள்ளை இல்லை. அதே ஆள். கொஞ்சம் களைத்துப்போய் மெதுவாக நடந்துவருகிற அதே ஆள்.

மிக்ஸர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, சத்தம் வந்த திசையில் கரையோரமாக நடந்தேன். செருப்பைச் சேறு இரண்டு முறை பிடுங்கிக்கொண்டது.

பூவரச மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அதில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெண், கையில் மைக். மரத்தில் ஒரு குழாய் ஒலிபெருக்கி. அதோடு கம்பியால் இணைத்த ஒரு கைபேசியிலிருந்து ரிடிம் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே தண்ணீரில் ஒரு வள்ளம். முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக நின்று, மரக்கோல் என்கிற நீளக் கம்பைக் கடலின் அடித்தரையில் ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். துடுப்புக்கும் எஞ்சினுக்கும் இடம்கொடாத அளவுக்கு ஆழமற்ற கடல் என்பதால் இங்கே வள்ளத்தை இப்படித்தான் செலுத்துவார்களாம். ஒவ்வொரு சுற்று டும்முக்கும் ஒரு ஊன்றல், முன்னவர் ஒருமுறை, பின்னவர் ஒருமுறை.

சிவப்புச் சட்டைப் பெண் மைக்கில் சொன்னார்: "அன்ரன், உனக்குக் கோல் தந்தது கடலைக் குத்திக் கொல்லுறதுக்கு இல்லை."

அவர் பெயர் மெற்றில்டா. காலையில் கரைக்கு வரும் மீனைக் கூவி ஏலம் விடுபவர். வள்ளத்தின் முன்னால் நின்றது அவருடைய கணவர் யூட். பின்னால் நின்று கடலைக் குத்திக்கொண்டிருந்தது யூட்டின் தம்பி அன்ரன். நான் மூச்சிரைக்க, இந்த இசை யாருடையது என்று கேட்டேன்.

"இதுவோ? பெட்டி அடி. எங்கட."

இது யாருடைய கடல் என்று கேட்டாலும் அதே தொனியில்தான் பதில் வந்திருக்கும். நான் விடவில்லை. ஜமைக்கா, கிங்ஸ்டன், ரிடிம் என்று தெரிந்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கணவரைப் பார்த்துக் கத்தினார்: "இஞ்சேருங்கோ, ஜமைக்காக்காரர் எங்கட அடியைக் களவெடுத்துப் போட்டினமாம். இந்தப் பிள்ளை இந்தியாவில இருந்து சொல்ல வந்திருக்கு."

பஸ் என்னை விட்டுவிட்டுப் போயிருந்தது. மெற்றில்டா அக்கா, "இனி எங்க போகப்போறீர், இரும்" என்றார். இருந்தேன்.

அன்று அவர்கள் வீட்டில் ஒடியல் கூழ். பனங்கிழங்கு மாவில் நண்டும் இறாலும் மீனும் பயற்றங்காயும் மிதக்க, உறைப்பு காதுவழியாக வெளியேறும். எங்கள் ஊரில் கூழ் என்றால் வெயிலுக்குக் குடிக்கிற சாதுவான பொருள். இதைக் குடித்தால் வெயில்தான் ஒதுங்கிப்போகும். மூன்றாவது சிரட்டைக்கு நடுவில் பெட்டியின் கதை வந்தது.

பெட்டி என்பது ஒரு சின்னக் கீபோர்ட். மெற்றில்டா அக்காவின் அண்ணன் கனடாவுக்குப் போய் முதல் சம்பளத்தில் வாங்கி, ஊர்த் தேவாலயத்துப் பாடகர் குழுவுக்கு அனுப்பியது. சில மாதம் ஒழுங்காகத்தான் வாசித்தார்கள். ஒரு திருவிழாப் பூசையில், எல்லாரும் முழந்தாளில் நிற்கும் நேரத்தில், வாசித்தவரின் முழங்கை ஒரு பொத்தானில் பட்டுவிட்டது. டும் என்று ஆரம்பித்த அடி எப்படி நிறுத்துவதென்று தெரியாமல் தொடர்ந்து ஓடியது. சுவாமியார் கோபிக்கவில்லை. பூசை முடிந்ததும் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகக் கடற்கரைக்குப் போய், இது இங்கே இருக்க வேண்டிய சாமான் என்று அங்கே நின்ற இளவட்டங்களிடம், ஊர்ச் சொல்லில் பெடியன்களிடம், கொடுத்துவிட்டார். அந்த அடிக்குக் கோல் ஊன்றினால் வள்ளம் வழுக்கிக்கொண்டு போவதைப் பெடியன்கள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்தார்கள். பிறகு நெடுந்தீவுக்காரர் அதைக் கேட்டு ஆசைப்பட்டார்கள். போட்டி வந்தது. பெட்டியே வெற்றிக் கிண்ணம் ஆனது.

இனித்தான் விதிகள். வருடத்துக்கு ஒரு போட்டி, பெட்டி எந்தக் கரையில் இருக்கிறதோ அந்தக் கரையில். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வள்ளம், ஒரு குரல். வள்ளங்கள் போகும்போது பெட்டி வைத்திருக்கும் ஊர் பாடும். திரும்பும்போது எதிரூர் பாடும். அடி ஒன்றுதான், பாட்டு இரண்டு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கிங்ஸ்டனில் இரவுகளில் நடக்கும் பாட்டுச் சண்டையை, யாரும் சொல்லித்தராமல் இவர்கள் கடலுக்கு மேலே நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு விதிதான் வில்லங்கம். பெட்டியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் திருப்பும் ஒரு சிறு சக்கரம், அவர்கள் சொல்லில் சில்லு, உண்டு. வென்ற ஊர் தனக்குப் பிடித்த வேகத்தில் அதை வைத்து, எல்லார் முன்னிலையிலும் பிளாஸ்டர் ஒட்டிவிடும். அடுத்த போட்டிவரை யாரும் தொடக்கூடாது. நெடுந்தீவின் கடலடி கல்லும் மணலும். நீளக் கோலை ஊன்றி அதன்மேல் சாய்ந்து ஆறுதலாகத் தள்ளலாம். அதனால் அவர்கள் அடியை நன்றாக மெதுவாக்கி ஒட்டிவிட்டார்கள். மண்டைதீவின் கடலடி சேறு. அங்கே சாய்ந்தால் கோல் புதைந்துவிடும். குத்தியதும் இழுத்துவிட வேண்டும். குறுங்கோல், குறுந்தள்ளல். அந்தக் கைகள் முந்தின வருடம் பெட்டியைப் பறிகொடுத்தன; போன வருடம் நெடுந்தீவின் சோம்பல் அடிக்கு முயன்று மறுபடியும் தோற்றன.

தொடர்ந்து மூன்றாம் முறையும் வென்றால் கிண்ணம் வென்றவருக்கே நிரந்தரம். அந்த மூன்றாம் முறை இந்த ஞாயிற்றுக்கிழமை. பெட்டி நெடுந்தீவில் இருப்பதால், பதிந்துவந்த அடியைக் கைபேசியில் போட்டுத்தான் இங்கே பழகிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் இப்போது இல்லை என்று மெற்றில்டா அக்கா நண்டுக் காலை உடைத்தபடி சொன்னார். ஊருக்கு ஒருமுறைகூடத் திரும்பாமலே அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டாராம். அப்படிப்பட்ட பெட்டியை ஏன் போட்டிக்கு வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"வீட்டுக்குள்ள பூட்டி வைச்சால் அது பெட்டி, பிள்ளை. கரையில வைச்சால்தான் அடி."

மறுநாள் விடியும் முன்பே கரையில் ஏலம். மெற்றில்டா அக்காவின் வாய் வேலைசெய்வதை அன்றுதான் பார்த்தேன். திருச்சி மீன் மார்க்கெட்டில் வளர்ந்தவள் நான். ஆனால் இது வேறு. மீன் குவியலுக்கு முன்னால் நின்று, பெயரும் விலையும் குத்தலுமாக மூச்சு விடாமல் அடுக்குகிறார். சுற்றி நிற்கும் ஆண்களின் கால்கள் தம்மையறியாமல் அதற்குத் தட்டுகின்றன. ஒருவர் யோசித்துக்கொண்டு நின்றதற்கு, "அண்ணை மீனைப் பாக்கிறாரோ, மீன் அண்ணையைப் பாக்குதோ தெரியேல்லை" என்றார். அந்த அண்ணை உடனே வாங்கிவிட்டார்.

பாண் என்கிற ரொட்டியும் சம்பலும் பொரித்த சூடை மீனுமாகச் சாப்பிட்ட பிறகு, என் கைபேசியைத் திறந்தேன். அந்த ரிடிம் ஒன்றின்மேல் பாடப்பட்ட பல பாட்டுகளை வரிசையாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். சும்மா, மகிழ்ச்சிக்குத்தான் போட்டேன். யூட் அண்ணா, பெட்டி வெளிநாட்டில் நல்லாய்ச் சம்பாதிக்குது போல என்றார். அன்ரன் ஆடினார். மெற்றில்டா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பாட்டைத் திரும்பப் போடச் சொன்னார். பிறகு இன்னொருமுறை.

"இவன் டும்மில கால் வைக்கிறானே இல்லை" என்றார். "இடைக்குள்ள இடைக்குள்ள விழுறான். ஆனால் அடி தவறேல்லை."

அதுதான் இந்த இசையின் முழு ரகசியமும் என்று நான் சொல்லத் தொடங்கினேன். அவர் அதற்குள் எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டார்.

அவர் கண்டது இதுதான். இவ்வளவு காலமும் இரண்டு ஊரும் டும்மைத்தான் கேட்டிருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு டும், ஒரு ஊன்றல். ஆனால் அதே சுற்றுக்குள்ளே தகிட, தகிட, தக இருக்கிறது. முதல் தகிடவில் யூட், இரண்டாம் தகிடவில் அன்ரன், தகவில் இருவரும் கோலைத் தூக்கி மூச்சு வாங்க. ஒரு சுற்றுக்கு இரண்டு குறுந்தள்ளல். அடி எவ்வளவு மெதுவோ, இடைவெளி அவ்வளவு பெரிது. நெடுந்தீவுக்காரர் அடியை மெதுவாக்கியபோது எதிரிக்குப் படுக்கவே இடம்விட்டுவிட்டார்கள்.

கண்டதும் செய்வதும் வேறு. ஊர்ப் பாட்டையே வேகமாகப் பாடிப் பார்த்தார்; கேட்டுப் பழகிய பாட்டு என்பதால் இருவரின் கைகளும் பழைய வேகத்துக்கே போயின. யூட் அண்ணா குரலைப் பின்பற்றினார், அன்ரன் பெட்டி அடியைப் பின்பற்றினார். இரண்டு கோலும் நடுவில் முட்டின. இருவரும் இரண்டு பக்கமாகத் தண்ணீரில் விழுந்தார்கள். தொடையளவுத் தண்ணீர்தான், ஆனால் அடியில் சேறு. எழுந்து வந்தபோது யார் கணவர், யார் மைத்துனர் என்று தெரியவில்லை. மெற்றில்டா அக்கா மைக்கைக் கீழே வைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு பாட்டை விட்டுவிட்டு, ஏலக் குரலை எடுத்தார். விலை இல்லை, வெறும் மீன் பெயர்கள். ஒட்டி, ஓரா. மூச்சு. விளை, பாரை. மூச்சு. சூடை, திரளி. மூச்சு. முதல் பெயருக்கு முன்னவர், இரண்டாம் பெயருக்குப் பின்னவர். மூச்சை அவர் மைக்குக்கு நேராக இழுத்தார்; அது ஒலிபெருக்கியில் கிழிந்த பாய் மாதிரிக் கேட்டது.

"என்ர மூச்சுக் கேட்டால் கோலைத் தூக்கு. வேறொண்டையும் யோசியாதை, அன்ரன். யோசிக்கிறது உனக்கு ஒத்துவராது."

ஏலச் சத்தம் கேட்டால் மீனவரின் உடம்பு தானாக விழித்துக்கொள்ளும். வெயில் ஏறுவதற்குள் வள்ளம் ஓடியது. ஓடியது என்றால், கொக்குகள் எழும்பிப் பறந்தன.

அதற்கடுத்த நாள் அவர்கள் விடியலிலேயே, வள்ளத்தை ஓர் எஞ்சின் படகின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு நெடுந்தீவுக்குப் புறப்பட்டார்கள். எனக்கு இடமில்லை. குறிகட்டுவானுக்குப் பஸ் எடுத்து அங்கிருந்து படகில் வரும்படி சொன்னார்கள். நான் பஸ் எடுத்தேன், படகும் எடுத்தேன். வேறு படகு. குறிகட்டுவான் துறையில் எல்லாரும் அவசரமாக ஒன்றில் ஏறினார்கள், நானும் அவசரப்பட்டேன். பாதிக் கடலில்தான், நெடுந்தீவு போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று பக்கத்து அக்காவிடம் கேட்டேன். அவர் மடியில் பூத்தட்டு.

"நெடுந்தீவோ? இது நயினாதீவுக்கு, பிள்ளை. இனி நீர் அம்மனிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போகலாம்."

நயினாதீவில் இறங்கி அம்மனிடம் சொன்னேன். மதியப் பூசைக்குத் தவில் முழங்கிக்கொண்டிருந்தது. அதிலும் ஓரிடத்தில் மூன்று-மூன்று-இரண்டு வந்தது. பரபரப்பாக அதைக் கைபேசியில் பதிந்துகொண்டேன். ஆனால் தவில் அந்த நடையைத் தொட்டுவிட்டு அடுத்ததற்குப் பாய்ந்துவிடுகிறது. ரிடிம் அங்கேயே பாய்போட்டு உட்கார்ந்துகொள்கிறது. ஒரே கணக்கு, வேறு பிடிவாதம். அன்னதானத்தில் சோறு, பருப்பு, பூசணிக்காய், பாயசம். எனக்குப் பரிமாறியவர் நெடுந்தீவுப் படகு இந்நேரம் போயிருக்கும் என்றும், பாயசம் இன்னும் இருக்கிறது என்றும் ஒரே மூச்சில் தெரிவித்தார்.

குறிகட்டுவானுக்குத் திரும்பியபோது கடைசிப் படகு உண்மையாகவே போயிருந்தது. எரிவாயுச் சிலிண்டர்கள், வெங்காய மூட்டைகள், இரண்டு ஆடுகள் ஏற்றிய ஒரு சாமான் படகுதான் மிச்சம். கெஞ்சினேன். ஆடுகளைப் பிடித்துக்கொள்ளச் சம்மதமென்றால் வரலாம் என்றார்கள். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று நடுக்கடலில் படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு முறையும் ஓர் ஆடு என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். பாயசம் கடலோடு போனது. ஆடுகள் தெம்பாகவே இறங்கின.

நெடுந்தீவில் வேலி என்றால் பவளக்கல். சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கி, ஊர் முழுக்க வெள்ளை மதில்கள். அவற்றுக்கு நடுவே சொந்தக்காரர் இல்லாத குதிரைகள் அலுவலகம் போகிறவர்களைப் போல நடந்துபோகின்றன. துறைமுகத்துக்குக் கிட்டவே ஒரு கடை. அதை நடத்தும் குகன் அண்ணைதான் நெடுந்தீவின் குரல். நான் யார் பக்கத்து ஆள் என்பது எனக்கு முன்பே கடைக்கு வந்திருந்தது. ஆனாலும் பால்தேத்தண்ணி கொடுத்தார். பெட்டியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். உள்ளே போய், குழந்தையைத் தூக்கிவருவதுபோலத் துவாயில் சுற்றி எடுத்துவந்தார்.

துவாய் விலகியதும் குனிந்து பார்த்தேன். மெற்றில்டா அக்காவின் அண்ணன் கனடாவில் பக்கத்து வீட்டு ஜமைக்காக்காரரிடம் கேட்டுப் பழகி, நாடாவில் பதிந்து அனுப்பிய தாளம் இது என்று மனதுக்குள் ஒரு முழுக் கட்டுரையே எழுதி வைத்திருந்தேன். அந்தக் கட்டுரை அங்கேயே கிழிந்தது. பெட்டியின் இடது மூலையில், தொழிற்சாலையில் ஏற்றிவைத்த தாளங்களுக்கான பொத்தான் வரிசை. அதில் ஒன்று மட்டும் பலர் அழுத்தி எழுத்துத் தேய்ந்திருந்தது. கிங்ஸ்டனில் அந்த ரிடிம் பிறந்ததும் இப்படித்தான் என்று படித்திருக்கிறேன்: யாரோ ஒரு மலிவுக் கீபோர்டில் தயாராகக் கிடந்த ஒரு பொத்தானை அழுத்தி, வேகத்தைக் குறைத்தார், ஒரு காலமே மாறிப்போனது. அதே இனப் பெட்டி, அதே பொத்தான். இது எங்கிருந்தும் பயணம் செய்து வரவில்லை. அங்கே ஒரு தீவில் ஒருவரின் விரல் பட்டது, இங்கே ஒரு தீவில் ஒருவரின் முழங்கை பட்டது. இரண்டு தீவும் அதைக் கேட்டுவிட்டு, விடமாட்டோம் என்றன. கட்டுரை கிழிந்ததில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. குகன் அண்ணையின் கடைக்குள் நின்றுகொண்டு ஆடினேன்.

அவர் பெருந்தன்மையாக ஒரு தட்டு ரோல்ஸ் வைத்தார். வேகச் சில்லின்மேல் ஒட்டிய பிளாஸ்டரைத் தடவிக் காட்டி, "ஆறுதலான அடி, ஆறுதலான வெற்றி" என்றார். நாளைக்குப் பிறகு பெட்டியை வைக்கக் கண்ணாடி அலுமாரி ஒன்று செய்விக்கிறாராம். தூசு படாமல், யாரும் தொடாமல், என்றென்றைக்கும் அப்படியே இருக்குமாம். அன்று மாலை அதை மெற்றில்டா அக்காவிடம் சொன்னேன். "அலுமாரிக்குள்ளயோ" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிறு காலை, சோளகம் எழும்பும் முன் போட்டி. பூசை முடிந்து வந்தவர்கள், கோயில் முடிந்து வந்தவர்கள், குதிரைகள், எல்லாரும் கரையில். பெட்டியை ஒரு மேசைமேல் வைத்து அதன் வாய்க்கு நேரே மைக் கட்டினார்கள். பொத்தான் அழுந்தியது. குழாய் ஒலிபெருக்கியில் டும்முக்கு வயிறு இல்லை. தகரம் மாதிரிதான் கேட்டது. ஆனால் தண்ணீர் அதை வாங்கி விரித்து, கடலளவுக்குத் திருப்பிக் கொடுத்தது. உலகின் எந்த ஒலிக்கூடத்திலும் அந்த ரிடிம்மை அவ்வளவு அழகாக நான் கேட்டதில்லை.

போகும் வழி குகன் அண்ணையின் பாட்டு. நல்ல குரல், சாய்ந்து உட்கார்ந்து பாடும் குரல்:

"சேத்தில பிறந்தவைக்குச் செட்டை முளைக்குமோ,
கல்லில நடந்தவைக்குக் கடலெல்லாம் றோட்டுத்தான்."

கரை குலுங்கிச் சிரித்தது. நெடுந்தீவு வள்ளத்தில் நின்ற நெடிய அண்ணனும் தம்பியும், ஒரு டும்முக்கு ஒரு ஊன்றல், கோலின் நுனிவரை சாய்ந்து தள்ளினார்கள். யூட் அண்ணாவும் அன்ரனும் பழைய முறையிலேயே போனார்கள். மைக் தங்கள் பக்கம் வரும்வரை அப்படித்தான் போவதென்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். கடலுக்குள் நட்டிருந்த கொடிக்கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது நெடுந்தீவு இரண்டு மூன்று வள்ள நீளம் முன்னால். என் நகங்கள் தீர்ந்திருந்தன.

மைக் மெற்றில்டா அக்காவின் கைக்கு வந்தது. அவர் பாடவில்லை. முதலில் ஒரு மூச்சு இழுத்தார். கரை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஒட்டி, ஓரா. மூச்சு. விளை, பாரை. மூச்சு.

டும்முக்கும் டும்முக்கும் நடுவில் வெற்றிடம் என்று எல்லாரும் நினைத்திருந்த இடத்தில் மீன்கள் துள்ளி விழுந்தன. மண்டைதீவு வள்ளம் தையல் மெஷின் மாதிரிக் குத்திக் குத்தி வந்தது. குறுங்கோல் இரண்டும் முட்டவில்லை. சூடை, திரளி. மூச்சு. கலவாய், கணவாய். மூச்சு. இது பாட்டே இல்லையே என்று முணுமுணுத்த கரை, மூன்றாம் நான்காம் சுற்றில் அவரோடு சேர்ந்து மூச்சிழுக்கத் தொடங்கியது. நெடுந்தீவுக் கரைதான், நெடுந்தீவுச் சனம்தான். ஆனால் ஏலக் குரல் ஊர் பார்க்காது. நெடுந்தீவு வள்ளத்தின் பின்னால் நின்றவரும் மீனவர். அவருடைய கையும் "பாரை" என்றதும் தானாக இறங்கிவிட்டது. நீளக் கோல் இரண்டும் நடுவில் முட்டின. விழவில்லை, ஆனால் நின்றார்கள். அவர்கள் மறுபடி டும்மைத் தேடிப் பிடிப்பதற்குள் அன்ரன் பல்லைக் காட்டியபடி அவர்களைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். யோசிக்காத முகம். மண்டைதீவு வள்ளம் கரையில் ஏறி மணலைக் கீறி நின்றது.

நான் யாரையோ கட்டிப்பிடித்தேன். அது நெடுந்தீவுக்காரர் என்று பிறகு தெரிந்தது.

உடனே தகராறு. போட்டி விதி பெட்டி அடிக்குக் கோல் ஊன்றுவது. இவர்கள் பெட்டியை விட்டுவிட்டு மனுசி வாய்க்கு ஊன்றினார்கள், செல்லாது என்று பலர் சொன்னார்கள். யூட் அண்ணா ஏதோ சொல்லப்போனார். மெற்றில்டா அக்கா கையமர்த்தினார். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு, முறைப்படி, பெட்டி வைத்திருந்தவருக்கு. குகன் அண்ணைக்கு.

"பெட்டியைப் போடுங்கோ அண்ணை" என்றார் மெற்றில்டா அக்கா. "ஒருத்தரும் கதையாமல் கேப்பம். அது டும் மட்டுமோ அடிக்குது எண்டு நீங்களே சொல்லுங்கோ."

பெட்டி ஓடியது. அவ்வளவு சனமும் வாயை மூடிக் கேட்டது. குகன் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் தொடையில் டும்மைத் தட்டினார். கொஞ்சம் பொறுத்து மற்றக் கையின் விரல்கள் மேசையில் எழும்பின. தகிட. தகிட. தக. இவ்வளவு வருடமும் பாடிய அடிக்குள் ஒரு கதவு இருந்ததை அந்த விரல்கள் கண்டுகொள்வதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் வெகுநேரம் தட்டினார். பிறகு சிரித்துவிட்டார்.

"அடி அங்கதான் கிடக்கு. நாங்கள்தான் கேக்கேல்லை. பெட்டி மண்டைதீவுக்கு."

அவரே துவாயோடு தூக்கிவந்து மெற்றில்டா அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா அதை வாங்கிய விதத்தில், அவருடைய அண்ணனைப் பற்றி நான் கேட்காமல் விட்ட எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ஒருகணம்தான். அடுத்த கணம் பெட்டி மேசைக்குத் திரும்பியது. வென்றவர் வேகத்தை மாற்றி ஒட்டும் நேரம். யாரோ புதிய பிளாஸ்டர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்ரன், நல்லாய் முறுக்குங்கோ அண்ணி, அடுத்த வருசம் அவங்களுக்கு மூச்சு முட்டவேணும் என்றார். கரை முழுக்கக் கழுத்தை நீட்டியது.

மெற்றில்டா அக்கா பழைய பிளாஸ்டரை உரித்தார். சில்லில் விரலை வைத்தார். குகன் அண்ணையைப் பார்த்தார். பிறகு விரலை எடுத்துவிட்டு, சில்லை இம்மியும் திருப்பாமல், அதே சோம்பல் அடியின்மேல் புதிய பிளாஸ்டரை அழுத்தி ஒட்டினார்.

"இருக்கட்டும் அண்ணை" என்றார் மைக்கில். "எங்களுக்கு இதுக்குள்ள நல்ல இடம் கிடக்கு."